பத்தரை மீட்டர் தள்ளி

தூத்துக்குடி சுறாக்கள் அணி அந்தப் பருவத்தில் பதினாறு ஆட்டங்களில் நாற்பத்தொரு கோல் வாங்கியிருந்தது. ஏலக்கூடத்தில் சாளை மீனைக் கூறு கட்டி வைத்துவிட்டு, "நம்ம டீம் வந்திருக்கு, அள்ளிக்கிட்டுப் போங்க" என்று கூவுகிற அளவுக்கு ஊரில் நிலைமை முற்றியிருந்தது. அணியின் கொடியில் வாயைப் பிளந்துகொண்டிருந்த சுறாவைப் பார்த்து, அது கடிப்பதற்காக அல்ல, கொட்டாவிக்காகத் திறந்திருக்கிறது என்றார்கள்.

பூரணவல்லி இந்தக் கேலிகளுக்குச் சிரிப்பதில்லை. அவள் அந்த அணியின் புள்ளியியலாளர். ஊர் கோவில்பட்டி. முனைவர் பட்டத்துக்கு அவள் ஆராய்ந்தது வடகிழக்குப் பருவமழையை. பந்தை உதைத்ததில்லை; ஒருமுறை பயிற்சித் திடலில் காலடிக்கு உருண்டு வந்த பந்தைக் கையால் எடுத்துக் கொடுத்து, பதினெட்டு பேரைச் சிரிக்க வைத்தாள். ஆட்டக்காரர்கள் அவளைக் "கணக்கு மேடம்" என்று கூப்பிட்டார்கள். அதில் பாதி மரியாதை, பாதி பயம். பயத்துக்குக் காரணம் தராசு.

தராசு என்பது இயந்திரத்தின் பெயர். லீக்கில் இருந்த பத்து அணிகளுக்கும் மூன்று வருடமாக அது கட்டாயம். அது என்ன செய்கிறது என்று அணியின் உரிமையாளர் ரத்தினபாண்டி அண்ணாச்சிக்கு நன்றாகத் தெரியும். ஆனாலும் மாதம் ஒருமுறை அதைப் பூரணி வாயால் கேட்டாக வேண்டும். உப்பு ஏற்றுமதி செய்யும் மனிதர். கப்பல் கிளம்புவதைத் திரும்பத் திரும்பப் பார்ப்பதுபோல இதிலும் அவருக்கு ஒரு சுகம்.

"இப்ப ஒரு கோல் விழுந்துட்டு. அது என்ன பண்ணும், சொல்லும்மா."

"கோல் விழுறதுக்கு முந்தின இருபது செகண்டை எடுத்துக்கிடும், அண்ணாச்சி. சட்டையில ஓடுற இழைலயிருந்து ஒவ்வொருத்தன் கால், மூச்சு, திரும்புன திசை எல்லாம் அதுகிட்ட இருக்கும். அந்த இருபது செகண்டைப் பத்தாயிரம் தடவை திருப்பி ஆட விடும். ஒருதடவை இவன் ரெண்டடி இடப்பக்கம் போயிருந்தா? இன்னொரு தடவை அவன் கால் நீட்டாம இருந்திருந்தா? யாரை மாத்துனா கோல் விழாம நிக்குதோ, அவன் தலையில அவ்வளவு பழி."

"நாலே செகண்டுல!"

"நாலே செகண்டுல. பெரிய திரையில போட்டோவோட."

அண்ணாச்சி கண்ணை மூடித் தலையாட்டினார். கோல் போட்டவனின் படம் திரையில் வருவது பழைய காலம். இப்போது விட்டவனின் படம்தான் வந்தது, பக்கத்தில் பழி விழுக்காடு, புள்ளிக்குப் பிறகு ஓர் இலக்கத்தோடு. ஜனங்களுக்கு அது பிடித்துப்போயிற்று. கோல் விழுந்தால் எதிரணி ரசிகர்கள்கூட முதலில் திரையைத்தான் பார்த்தார்கள்.

சுறாக்கள் அணியில் அந்தத் திரைக்கு மிகவும் பழக்கமான முகம் கேப்டன் சந்தியாகு மச்சாதுவுடையது. வயது முப்பத்துமூன்று. பின்களத்தில் நடுவில் நிற்பவர். விழுந்த நாற்பத்தொரு கோலிலும் சேர்த்து அவருடைய சராசரிப் பழி 39.8. பருவம் முடியும்போது நாற்பதைத் தாண்டியவர்களை லீக் சிவப்புப் பட்டியலில் சேர்க்கும். சேர்ந்தால் இரண்டு வருடம் எந்த அணியும் எடுக்க முடியாது. முப்பத்துமூன்று வயதில் இரண்டு வருடம் என்றால், அதற்குப் பிறகு டிவியில் பார்க்கலாம்.

"நாப்பத்தொண்ணுல நாப்பது பர்சன்ட்டுன்னா பதினாறு கோலு," என்றார் அண்ணாச்சி. "சந்தியாகுவைத் தூக்கிட்டா பதினாறு கோலு மிச்சம். சரிதானே?"

சரியில்லை என்று பூரணிக்குத் தெரியும். மழை நாளில் குடையை மடக்கி வைத்துவிட்டால் மழை நின்றுவிடும் என்கிற மாதிரியான கணக்கு அது. ஆனால் அன்றைக்கு அவள் வரைந்து கொண்டுபோயிருந்த படம் ரொம்ப அழகாக வந்திருந்தது. பின்களம் முழுக்கச் சிவப்பு, நடுவில் சந்தியாகு ஒரு தீக்கங்கு, நடுக்களத்தில் நான்கு பேரும் பச்சைப்பசேல். அதிலும் ஜெனிஷ் என்ற இருபத்துநான்கு வயதுக்காரன் பருவம் முழுவதும் சேர்த்து வெறும் 1.2. "பரிசுத்த ஜெனிஷ்" என்று பத்திரிகைகள் எழுதின. இவ்வளவு தெளிவான படத்தைக் கையில் வைத்துக்கொண்டு எப்படி மறுப்பது?

"கிட்டத்தட்ட சரி, அண்ணாச்சி," என்றாள்.

அந்தக் கிட்டத்தட்ட என்ற சொல் பிறகு அவளை நிறைய நாள் துரத்தியது.

பதினேழாவது ஆட்டத்தில், சொந்தத் திடலில், நொய்யல் எஃப்.சி. அணிக்கு எதிராகச் சந்தியாகு மாற்று ஆட்டக்காரர்களின் பெஞ்சில் உட்கார வைக்கப்பட்டார். பயிற்சியாளர் தவசிமுத்து அதை அவரிடம் சொல்லும்போது தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். சந்தியாகு "சரி கோச்" என்றார். கேப்டன் பட்டையைக் கழற்றி ஜெனிஷிடம் கொடுத்தார். அவ்வளவுதான்.

முதல் கோல் ஏழாவது நிமிடத்தில் விழுந்தது. நொய்யலின் முன்கள ஆள் பந்தை வாங்கினான், நிமிர்ந்து பார்த்தான், யாரும் வரவில்லை. அவனுக்கே சந்தேகமாகி லைன்ஸ்மேனைத் திரும்பிப் பார்த்தான். கொடி உயரவில்லை. சாவகாசமாக நடந்துபோய் அடித்தான். எல்லோரும் திரையைப் பார்த்தார்கள். நான்கு விநாடி. பிறகு முகமே இல்லாத ஒரு வெள்ளைத் திரையில் எழுத்து வந்தது:

எதிரணியின் திறமை: 100.0

அப்படி ஒன்று வரும் என்பதே ஜனங்களுக்குத் தெரியாது. "யாரைத்தாம்லே வையது?" என்று ஒருவர் பரிதாபமாகக் கேட்டார். அன்று ஆறு கோல் விழுந்தது. ஆறுக்கும் எதிரணியின் திறமையே காரணம். சுறாக்களின் பதினொரு பேரும் அப்பழுக்கற்றவர்களாகத் திடலைவிட்டு வெளியே வந்தார்கள்.

"ஆறு கோலு வாங்கியிருக்கோம்," என்றார் தவசிமுத்து, உடை மாற்றும் அறையில்.

"ஆனா நம்ம பேர்ல ஒரு தப்பும் இல்லையே கோச்," என்றார் அண்ணாச்சி. அவர் குரலில் இருந்தது வருத்தமா நிம்மதியா என்று அவருக்கே பிடிபடவில்லை.

பூரணிக்குப் பிடிபட்டது வேறொன்று. மழைக்கணக்கு போட்டவளுக்கு ஒரு பழக்கம் உண்டு: எல்லா மழைமானிகளும் ஒரே சமயம் பூஜ்யம் காட்டினால், மழை பெய்யவில்லை என்று எழுதமாட்டாள், மானியைப் போய்ப் பார்ப்பாள். லீக்கின் கடைசி ஆட்டத்துக்கு ஒன்பது நாள் இருந்தது. அதில் டிரா செய்தால்கூடப் போதும், அணி லீக்கில் தங்கும். தோற்றால் இரண்டாம் பிரிவு. அவள் பழி எண்களை மூடிவைத்துவிட்டு, அதற்கு அடியில் கிடந்த கச்சா விவரங்களைத் திறந்தாள்.

கேட்ட கேள்வி சின்னதுதான். எதிரணிக்காரன் காலில் பந்து இருக்கும்போது, நம் ஆள் எத்தனை மீட்டர் தள்ளி நிற்கிறான்? நான்கு வருட ஆட்டங்கள், ஒரு விநாடிக்கு இருபத்தைந்து முறை அளந்தது. இயற்கையாக ஆடினால் அந்தப் படம் ஒரு மணல்மேடு போல வர வேண்டும்: நான்கு மீட்டரில் கொஞ்சம், ஏழில் நிறைய, பன்னிரண்டில் குறைவு, அப்படியே சரிந்து இறங்க வேண்டும். தராசு வருவதற்கு முந்தைய ஆட்டங்களில் அப்படித்தான் இருந்தது.

இந்தப் பருவத்தின் படத்தில் பத்து மீட்டருக்குள் பாலைவனம். பத்தைத் தாண்டியதும், சரியாகப் பத்தரையில், கோபுரம் மாதிரி ஒரு குவியல். நடுக்களத்து நான்கு பேரும் அங்கேதான் குடியிருந்தார்கள்.

தராசின் உள்விதிகளை அதன் கம்பெனி யாருக்கும் சொன்னதில்லை. ஆனால் இந்தப் படம் சொல்லிவிட்டது. பந்திலிருந்து பத்து மீட்டருக்கு அப்பால் நிற்பவனால் எதுவும் செய்திருக்க முடியாது என்று தராசு முடிவு கட்டிக்கொள்கிறது. அவனைக் கணக்கிலேயே சேர்ப்பதில்லை. ஒரு கோல் விழப்போகிறது என்று தெரிந்தால், அந்தப் பத்து மீட்டருக்கு வெளியே இருப்பவன் பரிசுத்தன். உள்ளே ஓடியவன் குற்றவாளி.

லீக்கிலேயே அதிகத் தடவை உள்ளே ஓடியவர் யார் என்று அவள் தேடினாள். பதில் வருவதற்கு முன்பே அவளுக்குத் தெரிந்திருந்தது. சந்தியாகு உள்ளே ஓடியது அறுநூற்றுப் பன்னிரண்டு தடவை. அதில் ஐந்நூற்று எழுபத்தொரு தடவை கோல் விழவில்லை. விழாத கோலுக்குத் திரையில் இடம் கிடையாது.

மறுநாள் காலை அவள் சந்தியாகுவின் வீட்டுக்குப் போனாள். பழைய துறைமுகத்துக்குப் பின்னால் ஒரு சந்து. ஆளில்லா ஆட்டோ அதற்குள் நுழையமாட்டேன் என்று முனையிலேயே இறக்கிவிட்டது. சந்தியாகு வாசலில் உட்கார்ந்து தண்ணீர் மோட்டாரைப் பிரித்துப் போட்டிருந்தார். கதவைத் திறந்தவள் அவர் மனைவி ஸ்டெல்லா.

"நீங்கதான் அந்தக் கணக்கு மேடமா?"

"ஆமா."

"உள்ள வாங்க. டீ போடுதேன். சீனி எத்தனை பர்சன்ட்டு?"

"ஸ்டெல்லா," என்றார் சந்தியாகு.

"நான் என்ன தப்பாவா கேட்டேன்? புள்ளி வச்சுச் சொன்னா புள்ளி வச்சுப் போடுவேன்."

பூரணி மடிக்கணினியைத் திறந்து கோபுரத்தைக் காட்டினாள். பாலைவனத்தைக் காட்டினாள். அறுநூற்றுப் பன்னிரண்டைச் சொன்னாள். பிறகு, "உங்களை உக்கார வச்ச ரிப்போர்ட்டு நான் எழுதுனது. தப்பு," என்றாள். அதைச் சொல்வதற்கு முனைவர் படிப்பு உதவவில்லை.

சந்தியாகு எண்ணெய்க் கையைத் துணியில் துடைத்துக்கொண்டு படத்தைக் குனிந்து பார்த்தார். ஆச்சரியப்பட்ட மாதிரி தெரியவில்லை.

"உங்களுக்கு இது முன்னாடியே தெரியுமா?"

"பத்து மீட்டர்னு தெரியாது. ஆனா ஓடிப்போனாத்தான் பழி விழுதுன்னு ரெண்டாவது மாசமே தெரியும், மேடம்."

"தெரிஞ்சுமா ஓடினீங்க?"

"பந்து வருதுல்லா." அவர் அதற்குமேல் விளக்க முயன்று, கிடைக்காமல், மறுபடி அதையே சொன்னார். "வருதுல்லா. பாத்துக்கிட்டு எப்படி நிக்கது?"

ஸ்டெல்லா டீயை வைத்தாள். "இவுக ஓடிருவாக. மாதா கோயில்ல யாரு நிக்கது? பூசையில சமாதானம் சொல்லக் கை நீட்டுதேன், முன் பெஞ்சுக்காரி 'சமாதானம், போன வாரம் நாப்பத்தாறாமே' ங்கா. பூசைக்கு நடுவுல! எம் பேரு ஸ்டெல்லாங்கிறதையே இப்ப யாரும் சொல்றது இல்ல. முப்பத்தொம்பது புள்ளி எட்டுக்காரன் பொண்டாட்டி."

பூரணி சிரிக்கக் கூடாது என்று பார்த்தாள். சந்தியாகுவே முதலில் சிரித்துவிட்டார். அப்புறம் ஸ்டெல்லாவும் சிரித்தாள். முந்தானையால் கண்ணையும் துடைத்துக்கொண்டாள்.

"கடைசி மேட்சுக்கு நீங்க வரணும்," என்றாள் பூரணி. "கோச்கிட்டயும் அண்ணாச்சிகிட்டயும் நான் பேசிட்டேன். ஆனா ஒண்ணு சொல்லணும். உங்க சராசரி 39.8. ஒரே ஒரு கோல் விழுந்து அதுல பாதிப் பழி உங்களுக்கு வந்தாலும் நாப்பதைத் தாண்டிரும். வராம இருந்தா உங்களுக்கு ஒண்ணும் ஆகாது. அதான் உண்மைக் கணக்கு."

சந்தியாகு ஸ்டெல்லாவைப் பார்த்தார். ஸ்டெல்லா மோட்டாரைப் பார்த்தாள்.

"சனிக்கிழமைக்குள்ள இதை மாட்டி முடிச்சிட்டுப் போகச் சொல்லுங்க," என்றாள்.

அடுத்தது ஜெனிஷ். பூரணி அவன்மேல் கடுங்கோபத்தோடு போனாள். இந்தப் பத்தரை மீட்டரை முதலில் கண்டுபிடித்தவன் அவன்தான் என்று விவரங்கள் காட்டின. மற்ற மூவரும் இரண்டு மாதம் கழித்தே அங்கே குடிவந்தார்கள். பயிற்சித் திடலின் ஓரத்தில் அவன் ஷூ கயிறு கட்டிக்கொண்டிருந்தபோது படத்தை நீட்டினாள்.

அவன் நீண்ட நேரம் பார்த்தான். "சூப்பரா இருக்கு மேடம். நான் பத்து புள்ளி மூணுன்னு நெனச்சேன்."

"வெக்கமா இல்லையா?"

"இருக்கு."

இதை அவள் எதிர்பார்க்கவில்லை. தயாராக வைத்திருந்த அடுத்த மூன்று வாக்கியங்களும் வீணாகிவிட்டன.

"ரெண்டு வருசம் முன்னாடி ஒரு மேட்சு," என்றான் ஜெனிஷ். "சந்தியாகு அண்ணன் மாதிரியே ஓடினேன். சறுக்கிட்டு. அறுபத்தொண்ணு போட்டான். எனக்கு நிச்சயம் பண்ணியிருந்த நேரம். பொண்ணு வீட்டுல பத்துப் பேரு உக்காந்து டிவி பாத்திருக்காவ. மறுநாளு அவ அப்பா போன் பண்ணுதாரு. 'தம்பி, பொறுப்பை இயந்திரமே அளந்து சொல்லிட்டு, நாங்க என்ன சொல்ல'ங்காரு. நிச்சயம் நின்னு போச்சு. அதுக்கப்புறம் ஒவ்வொரு கோலையும் வீட்டுல போட்டுப் போட்டுப் பாத்தேன். எங்க நின்னா பேரு வரலைன்னு."

"நீங்க தனியா ஒரு ஆராய்ச்சியே பண்ணியிருக்கீங்க."

"பட்டம் தருவீங்களா மேடம்?"

கோபம் போன இடம் தெரியவில்லை. அவள் அவன் பக்கத்தில் புல்லில் உட்கார்ந்தாள். நாற்பத்தொரு கோல்களுக்கும் காரணமானவன் ஒருவனைத் தேடிப் பருவம் முழுவதும் உழைத்திருக்கிறாள். இப்போது பார்த்தால், பயந்தவர்கள் நான்கு பேரும் பயப்படத் தெரியாத ஒருவரும்தான் இருந்தார்கள். பயத்தை அளக்க அந்தச் சட்டையில் இழை கிடையாது.

"கோச் உள்ள போங்கலேன்னு கத்தினா நாங்க தலையாட்டுவோம் மேடம். ஆனா கால் போகாது," என்றான் ஜெனிஷ். "நான் ஒருத்தன் மட்டும் உள்ள போனா நான் மாட்டுவேன். அண்ணன் மாதிரி."

"எல்லாரும் போனா?"

"எல்லாருமா?"

"பத்து மீட்டருக்குள்ள ரெண்டு பேரு இருந்தா, ஆளுக்குப் பாதி. அஞ்சு பேரு இருந்தா அஞ்சுல ஒண்ணு. பதினொரு பேரும் இருந்தா, யாரை மாத்தி ஆட விட்டுப் பாத்தாலும் பெரிசா வித்தியாசம் வராது. இயந்திரத்தால ஒருத்தனைப் பிடிச்சுக் காட்ட முடியாது."

ஜெனிஷ் அவளை உற்றுப் பார்த்தான். "மூணாங்கிளாஸ் பிள்ளைங்க இப்படித்தான் ஆடும் மேடம். பந்து எங்கயோ, மொத்தக் கிளாஸும் அங்க."

"அந்தப் பிள்ளைங்க பயப்படாது," என்றாள் பூரணி.

இந்த யோசனையைத் தவசிமுத்துவிடம் சொன்னபோது அவர் தலையில் கை வைத்தார். பிறகு வெள்ளைப் பலகையில் ஒரு கோடு போட்டார். நம் கோல் பக்கத்து மூன்றில் ஒரு பங்குக்குள் பந்து வரும்போது மட்டும் எல்லோரும் ஓட வேண்டும். அதற்கு முன் அவரவர் இடத்தில் ஒழுங்காக நிற்க வேண்டும். இருபது வருடம் அவர் கற்றுக்கொடுத்ததற்கெல்லாம் எதிரான கோடு அது. ஆனால் ஆறு கோல் வாங்கிய பின் இழப்பதற்கு அதிகம் மிச்சமில்லை. கேப்டன் பட்டையை ஜெனிஷே கொண்டுபோய்ச் சந்தியாகுவின் கையில் மாட்டிவிட்டான். சந்தியாகு அவன் பிடரியில் ஒரு தட்டு தட்டினார்.

சனிக்கிழமை சேலம் இரும்பர் அணி வந்தது. திடல் பாதிதான் நிறைந்தது. வந்தவர்களிலும் பாதிப்பேர் சாகிறவரைக் கடைசியாகப் பார்க்க வந்த உறவினர் மாதிரி உட்கார்ந்திருந்தார்கள். ஸ்டெல்லா மூன்றாவது வரிசையில் இருந்தாள். பூரணி பெஞ்சின் ஓரத்தில், மடியில் கணினியோடு.

முதல் அரைமணி நேரம் சேலத்துக்காரர்களுக்கு ஒன்றும் புரியவில்லை. சுறாக்களுக்கு எதிரே பந்தை வாங்கினால் ஒரு டீ குடித்துவிட்டு அடிக்கலாம் என்று அவர்களுக்குச் சொல்லி அனுப்பியிருந்தார்கள். இங்கேயோ பந்தை வாங்கித் திரும்பும் முன் நான்கு பேர் வந்து விழுந்தார்கள். ஜெனிஷின் வெள்ளைக் கால்சட்டை, அந்தப் பருவத்திலேயே முதல்தடவையாக, அழுக்கானது.

முப்பத்தெட்டாவது நிமிடத்தில் கோல் விழுந்தது. கார்னர் பந்து. பதினொரு பேரும் கோல் வாய்க்குள். சேலத்துக்காரன் அடித்தது ஒருவன் முழங்காலில் பட்டு, இன்னொருவன் முதுகில் பட்டு, கோல்கீப்பரின் அக்குளுக்கடியில் புகுந்து போயிற்று.

நான்கு விநாடி. ஸ்டெல்லா கண்ணை மூடிக்கொண்டாள். நான்கு ஐந்தாயிற்று, ஆறாயிற்று. தராசு ஒருபோதும் அவ்வளவு நேரம் எடுத்ததில்லை. கடைசியில் திரையில் ஒரு முகம் வந்தது. பக்கத்தில் இன்னொன்று. பிறகு தபால்தலை ஒட்டுகிற மாதிரி வரிசையாக, பதினொன்று. 9.3, 8.8, 9.1, 9.0, 9.2... சந்தியாகு 9.1. பரிசுத்த ஜெனிஷ் 9.3.

பின்னாலிருந்து ஒரு பெண்குரல், "ஏ, ரேசன் கடைல பங்கு போட்டுக் குடுத்த மாதிரில்லா இருக்கு!" என்றது. யாரோ சிரித்தார்கள். சிரிப்பு ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்குப் பரவி, கைதட்டலாக மாறியது. கோல் வாங்கியதற்குத் தன் சொந்த ஊர் கைதட்டுவதைச் சந்தியாகு இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நின்று கேட்டார்.

எழுபத்தோராவது நிமிடத்தில் சுறாக்கள் சமன் செய்தார்கள். இந்தத் தடவை கால்களின் குவியல் எதிரணிக் கோல் வாயில். கடைசியாக யார் கால் பட்டது என்று மூவர் இன்றுவரை வாதாடுகிறார்கள். ஒன்றுக்கு ஒன்று. அதற்குப் பின் இருபது நிமிடமும் ஊரே நின்றுகொண்டு பார்த்தது. விசில் ஊதியபோது அண்ணாச்சி தவசிமுத்துவைக் கட்டிப்பிடித்து, பிறகு வெட்கப்பட்டு, அவர் சட்டையைச் சரிசெய்துவிட்டார். அணி தங்கிவிட்டது. சந்தியாகுவின் சராசரி 39.1 ஆக இறங்கியிருந்தது. ஸ்டெல்லா வேலியருகே வந்து பூரணியிடம், "முப்பத்தொம்பது புள்ளி ஒண்ணுக்காரன் பொண்டாட்டி," என்று தன்னை அறிமுகம் செய்துகொண்டாள்.

கதை இங்கே முடிந்திருந்தால் பூரணிக்கு நன்றாக இருந்திருக்கும்.

அடுத்த பருவத்துக்குள் லீக்கின் பத்து அணிகளும் ரேஷன் கடை ஆட்டம் ஆட ஆரம்பித்துவிட்டன. ஒவ்வொரு கோலுக்கும் பதினொரு தபால்தலைகள். ஜனங்களுக்குச் சலித்துப்போயிற்று; திட்டுவதற்கு ஓர் ஆள்கூட இல்லாமல் எப்படி மனிதன் தொண்ணூறு நிமிடம் உட்காருவான்? தராசின் கம்பெனி யோசித்து, மாற்றி, அறிக்கை விட்டது. களத்தில் பழி சமமாகப் பிரியும்போது, இனிமேல் தராசு களத்துக்கு வெளியேயும் பார்க்கும். பயிற்சியாளரின் திட்டம், புள்ளியியலாளரின் பரிந்துரை எல்லாம் கணக்கில் வரும். அவர்களுடைய படங்களை அணிகள் உடனே அனுப்பி வைக்கவும்.

பூரணி தன் அலுவலக அடையாள அட்டைப் படத்தை அனுப்பினாள். வேறு நல்ல படம் எடுக்க நேரமில்லை.

பருவத்தின் முதல் ஆட்டம் மதுரையில், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. உடை மாற்றும் அறையில் தவசிமுத்து பேனாவோடு பலகை முன் நின்றார்.

"சொல்லுங்க மேடம். நம்ம இடது பக்கத்துல அவங்க வேகம். சந்தியாகுவை அங்க நகத்தவா, நடுவுலயே விடவா?"

பூரணியிடம் பதில் இருந்தது. நகர்த்த வேண்டும், இரண்டு வாரம் பார்த்துப் பார்த்துப் போட்ட கணக்கு. வாயைத் திறந்தாள்.

"ரெண்டுக்குமே சாதக பாதகம் இருக்கு கோச்," என்று ஒரு குரல் வந்தது. அது அவளுடையதுதான். "விவரமெல்லாம் அனுப்பியிருக்கேன். நீங்களே பாத்து முடிவு பண்ணிக்கோங்க."

தவசிமுத்துவின் பேனா அந்தரத்தில் நின்றது. மூலையில் சாக்ஸ் மாட்டிக்கொண்டிருந்த ஜெனிஷ் தலையைத் தூக்கி அவளைப் பார்த்தான். அந்தப் பார்வையில் கேலி இல்லை. அதுதான் பொறுக்க முடியவில்லை. மருத்துவமனை வரிசையில் தன் வியாதியே உள்ள இன்னொருவரைப் பார்க்கும் பார்வை அது.

அவளுக்குக் காது சுட்டது. இவ்வளவுதானா? ஒரு படம் அனுப்பியதற்கே இப்படியா?

"இல்ல," என்றாள். "இருங்க கோச். சந்தியாகு இடது பக்கம் போகணும். நான் சொல்லுதேன்."

தவசிமுத்து எழுதினார்.

இரண்டுக்குப் பூஜ்யம் என்று தோற்றார்கள். இரண்டு கோலும் சந்தியாகு விட்டுப்போன நடு இடத்தின் வழியாக வந்தன. மதுரைத் திரையில், எட்டு ஆளுயரத்துக்கு, தூக்கக் கலக்கத்தில் எடுத்த மாதிரியான ஓர் அடையாள அட்டைப் படம் வந்து நின்றது. பூரணவல்லி, 58.4. யாரென்றே தெரியாத பன்னிரண்டாயிரம் பேர் அவளைப் பார்த்து ஊளையிட்டார்கள். அவள் நினைத்ததைவிட அது சத்தமாக இருந்தது.

திரும்பும்போது பஸ் நல்ல வெயிலில் போய்க்கொண்டிருந்தது. விருதுநகர் தாண்டும்வரை அவள் ஆட்டத்தைத் திருப்பித் திருப்பி ஓட்டிப் பார்த்தாள். இந்தத் தடவை தராசு ஒன்றும் அநியாயம் செய்யவில்லை. மதுரையின் வேகத்தை அவள் கூடுதலாக எடைபோட்டிருக்கிறாள். கணினியை மூடினாள். எழுந்து, கம்பியைப் பிடித்துக்கொண்டு, பஸ் முழுவதற்கும் கேட்கும்படி சொன்னாள்:

"இன்னிக்கு இடது பக்கம் மாத்தினது தப்பு. அந்தத் தப்பு என்னோடது."

ஜெனிஷ் காதிலிருந்த பாட்டைக்கூடக் கழற்றவில்லை.

"தெரியும் மேடம்," என்றான். "பெருசா போட்டாங்கல்லா."

முதலில் சிரித்தது சந்தியாகு. பிறகு மொத்த பஸ்ஸும்.